இடது பக்கப் பெட்டி

"அம்மா பின்னாடி உக்காருவாங்களா சார்?" என்று கேட்டான் ரபீக். பைக்குகளுக்குப் பெட்டியும் கேரியரும் மாட்டித் தருகிற கடை அவனுடையது. பின்சக்கரத்துக்கு மேலே அளவு நாடாவை நீட்டிப் பிடித்தபடி, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான். "இல்ல இல்ல, நான் தனியாத்தான் போறேன்" என்றார் பரசுராமன். நாலடி தள்ளி, வரிசையாகத் தொங்கிய ஹெல்மெட்டுகளுக்குக் கீழே, சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி கோசலை. அவள் காதில் முதலில் விழுந்தது அந்தத் 'தனியா' இல்லை. அந்த 'இல்ல இல்ல'. எதற்கு இரண்டு? ஒன்று போதாதா? காபி போடட்டுமா என்றால், வேண்டாதபோது ஒரு தடவைதான் வேண்டாம் என்பார். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்றால் கையை மட்டும் காட்டுவார், வாயைக்கூடத் திறக்க மாட்டார். முப்பத்தொரு வருஷத்தில் இந்த மனிதர் எதையும் இரண்டு தடவை சொல்லி அவள் கேட்டதில்லை. ஓட்டலில் பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்க, சர்வர் வந்து பில்லை ஒன்றாகவே போடவா என்று கேட்டால், இல்ல இல்ல, அவங்க வேற என்று பதறுவோமே, அந்த மாதிரி ஒரு இல்ல இல்ல. அவங்க வேற. ரபீக்கைச் சொல்லிக் குற்றமில்லை, அவனாவது கேட்டான். இரண்டு மாதமாக வீட்டில் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து கொச்சி, அங்கிருந்து கடலோரமாகவே கோழிக்கோடு, கண்ணூர், மங்களூர், கோவா. பொங்கல் கழிந்ததும் பதினோரு நாள். மில்லில் கூட வேலை பார்த்து ரிட்டயர் ஆன சிநேகிதர்கள் இரண்டு பேர் அவரவர் வண்டியில் வருகிறார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மேஜைமேல் மேப்பை விரித்து அவர் விரலால் ஊர் ஊராகப் போகும்போது அவளும் கூட உட்கார்ந்து பார்த்தாள். நானும் வருகிறேனா என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தேதி குறித்த கல்யாணத்துக்குப் பெண் வருவாளா என்று யாராவது கேட்பார்களா? இன்று காலையில்கூட, "கோசல, வண்டிக்குப் பெட்டி பாக்கப் போறேன், நீயும் வா. எதுல எத்தனை துணி பிடிக்கும்னு உனக்குத்தான் தெரியும்" என்றார். உனக்குத்தான் தெரியும். அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துபோய், பருப்பை அப்படியே மூடி வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து, அளவு பார்க்கத் துணி எடுத்து மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டு, தலைகூடச் சரியாக வாராமல் பின்னால் ஏறி உட்கார்ந்து வந்தாளே, அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாற்றியவர்மேல் வருகிற கோபத்தைவிட ஏமாந்த புத்திமேல் வருகிற கோபம் பெரிதாக இருந்தது.

"அம்மா வர்றதா இருந்தா வலது பக்கம் ஒண்ணு, சீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு, அவ்வளவுதான் சார் மாட்ட முடியும். இடது பக்கம் அவங்க கால் தொங்கப் போட வேணும்ல. தனியாத்தான்னா கவலையில்ல, ரெண்டு பக்கமும் மாட்டிரலாம்" என்று சொல்லிக்கொண்டே ரபீக் பெட்டிகளை எடுத்து வந்து தரையில் பரப்பினான். கவலையில்ல. அவள் இல்லையென்றால் கவலையில்லை. சீட்டின் குறுக்கே கழுதைமேல் பொதி போடுவதுபோலப் போடுகிற துணிப்பைகள் ஒரு ஜோடி. சாவி போட்டுப் பூட்டுகிற கறுப்பு பைபர் பெட்டிகள் ஒரு ஜோடி. பளபளவென்று அலுமினியத்தில் ஒரு ஜோடி. பரசுராமன் ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டித் தட்டிப் பார்த்தார், சந்தையில் பானை வாங்குகிறவர் மாதிரி. தட்டினால் பெட்டி என்ன சொல்லும்? துணிப்பை மழைக்கு ஆகாது, எத்தனை உறை போட்டாலும் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். அது அவளுக்குத் தெரியும். அலுமினியம் ஓட்டை வண்டிக்குப் பாரம், இருபத்தொரு வருஷத்து நூறு சிசி வண்டி அதை இழுத்துக்கொண்டு மலை ஏறாது, அதுவும் தெரியும். பைபரில் இரண்டு தினுசு இருந்தது. ஒன்று மேல்பக்கம் திறப்பது, இன்னொன்று அலமாரிபோலப் பக்கவாட்டில் திறப்பது. அவர் பக்கவாட்டில் திறப்பதைக் கையில் எடுத்து, "இதுதான்பா, வீடியோவுல எல்லாம் இதுதான் வச்சிருக்கான்" என்றார். திறந்ததும் அத்தனையும் காலில் கொட்டும். உள்ளே எப்படி அடுக்கினாலும் கொட்டும். சொல்லட்டுமா? உனக்குத்தான் தெரியும் என்று கூட்டி வந்த மனிதர் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பினால் சொல்லலாம். திரும்பவில்லை. சொல்ல மாட்டேன், என்று கோசலை பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கொட்டட்டும். மங்களூர் நடுரோட்டில் ஜட்டி பனியனெல்லாம் கொட்டட்டும், மூன்று பேரும் குனிந்து பொறுக்கட்டும். நினைத்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்த ரோட்டோரத்தில் கடல் இருக்கும் என்ற நினைப்பு வந்துவிட்டது, சந்தோஷம் போய்விட்டது. கடல். இந்த வண்டி புதிதாக வந்த வாரம், இரண்டாயிரத்து மூன்று, வைகை அணைக்குப் போயிருந்தார்கள். டேங்க்மேல் மகன் அருள், ஆறு வயது, பின்னால் இவள். அணைச் சுவர் ஓரமாக நின்று வறுத்த மீன் தின்றுகொண்டிருக்கும்போது அவர் சொன்னார். யாரும் கேட்டுச் சொல்லவில்லை, தானாகச் சொன்னார். "ரிட்டயர் ஆகட்டும் கோசல. கொச்சியில ஆரம்பிச்சு வடக்கே போய்க்கிட்டே இருப்போம். வடக்கே போனா கடல் இடது பக்கம். நான் ரோட்டைத்தான் பாக்கணும். நீ ஒருக்களிச்சு உக்காந்திருப்பல்ல, கடல் முழுக்க உனக்குத்தான்." கடல் முழுக்க உனக்குத்தான். மீன் முள்ளை அருளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் கை நின்றுபோனது. அப்படி ஒரு சொல்லை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் அப்பாவும் சொன்னதில்லை, பெற்ற பிள்ளையும் சொன்னதில்லை. தாலி கட்டியபோது ஐயர் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகமில்லை, இது இருக்கிறது. அவருக்கு இருக்கிறதா? பெட்டியைத் தட்டிக்கொண்டு நிற்கிறாரே, அந்த மண்டையைத் தட்டிப் பார்த்தால் தெரியும்.

இத்தனை வருஷமாக அவள் இந்த ஊரின் இடது பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். யோசித்தால் அதுதான் நிஜம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது மருந்துக்கடை, பாத்திரக்கடை, சர்ச்சு. திரும்பி வரும்போது பூட்டுக்கடை, பெட்ரோல் பங்க். இரண்டையும் ஒரே தெருவாக அவள் மனசில் ஒட்டிப் பார்த்ததே கிடையாது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாமலே ஒரு வாழ்க்கை போய்விட்டது. பிரேக் போட்டால்தான் ஏதோ வந்திருக்கிறது என்று தெரியும். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. ஒரு பக்கம் பார்த்தாலும் நன்றாகப் பார்ப்பாள். எந்த வீட்டில் புது கேட் போட்டிருக்கிறார்கள், எந்தக் கடை மூன்று நாளாகத் திறக்கவில்லை, எல்லாம் அவள்தான் சொல்வாள், அவர் "ம்" என்பார். அந்த "ம்" முதுகு வழியாகக் கேட்கும். "பையில துணியா கொண்டாந்திருக்கீங்க அம்மா?" என்று ரபீக் வந்து நின்றான். "குடுங்க, எவ்வளவு பிடிக்குதுன்னு வச்சுப் பாத்துரலாம்." மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கை தானாக நீட்டிவிட்டது. அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். இரண்டு பேண்ட், நாலு சட்டை, கைலி, துண்டு. அவற்றுக்கு அடியில் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? பச்சைச் சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒன்று, சாம்பல் நிறத்தில் கசங்காத சேலை ஒன்று, நைட்டி, உள்பாவாடை. உள்பாவாடையைப் பார்த்ததும் ரபீக் சட்டென்று பையோடு சுருட்டி, அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டான், நல்ல பிள்ளை. பரசுராமன் பார்த்துவிட்டார். "இது எதுக்குக் கொண்டு வந்த?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். நிஜமாகவே புரியாமல் கேட்டார். அந்த முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. மறைத்திருந்தால் அவளை நினைத்து மறைத்ததாக ஆகும். நினைக்கவே இல்லை இந்த மனிதர். "சும்மா, அளவு பாக்கத்தான். கனமா இருக்கட்டுமேன்னு" என்றாள் கோசலை. கனமா இருக்கட்டுமே! பொய் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது! யாராவது அவளை அவமானப்படுத்தினால், அவர்களுக்குச் சங்கடம் வராமல் இருக்க அவளே ஒரு பொய்யை எடுத்துப் போர்த்திவிடுகிறாளே, இது என்ன புத்தி? சுடச்சுடக் கேட்டிருக்க வேண்டாமா, என் சேலை, எனக்குக் கட்ட, வேறெதுக்கு என்று? நாலு வார்த்தை. நாலு வார்த்தைக்கு நெஞ்சில் இடம் இருந்தது, தொண்டையில் இல்லை. "பரவால்ல, எல்லாம் பிடிக்குது" என்று அவர் பெட்டியை மூடி ஒரு தட்டுத் தட்டினார். சேலைகள் உள்ளே இருந்தன. அவர் திறந்து எடுத்துத் தருவார் என்று பார்த்தாள். ரபீக்தான் எடுத்துத் தந்தான்.

பிறகு கழற்றுகிற வேலை ஆரம்பித்தது. பின்சக்கரத்தின் இடது பக்கம், சேலை உள்ளே போகாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு உண்டே, அது. அதற்குக் கீழே, ஒருக்களித்து உட்கார்கிற பெண்கள் கால் வைக்க ஒரு இரும்புத் தட்டு, அதுவும். பெட்டி மாட்ட இரண்டும் இடைஞ்சல். நட்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. ரபீக் எண்ணெய் விட்டு, கொஞ்சம் பொறுத்து, ஸ்பேனரைப் போட்டு உன்னினான். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. செருப்புக்குள் அவளுடைய கால் விரல்கள் தானாகச் சுருண்டன. இத்தனை வருஷம் அந்தத் தட்டில் வைத்த கால். தட்டின்மேல் இருந்த ரப்பர் உறை நடுவில் தேய்ந்து, அவள் குதிகால் அகலத்துக்கு வழவழவென்று ஆகியிருந்தது. கடைப் படியில் அவன் அதைத் தூக்கிப் போட்டபோது வெயிலில் அந்த இடம் மட்டும் மினுங்கியது. அதற்கு முந்தைய மொபெட்டில் தடுப்பு கிடையாது. அருள் வயிற்றில் நாலு மாதம். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வழியில் முந்தானை சக்கரத்துக்குள் போனது. இழுத்தது முதலில் தெரியவில்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிடுவதுபோல மெதுவாகத்தான் இழுத்தது, அப்புறம்தான் கழுத்தோடு சேர்த்துச் சாய்த்தது. அவள் அலறியது அவருக்குக் காற்றில் கேட்கவில்லை. எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் கத்தித்தான் வண்டி நின்றது. தோளில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. இனிமேல் வாங்கும் வண்டியில் தடுப்பு இல்லாமல் உன்னை ஏற்ற மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடி, இந்த வண்டியை எடுக்கும்போது ஷோரூமில் மற்றதைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். அந்த மனிதர்தான் இதோ நிற்கிறார், "நல்லா இறுகியிருக்கு போல, அறுத்துரேன்பா" என்று யோசனை சொல்லிக்கொண்டு. அறுத்துரேன்பா! நல்லவரா கெட்டவரா என்று ஒரு பக்கமாக முடிவு செய்யவும் விட மாட்டேனென்கிறார். கெட்டவராக இருந்தால் எப்போதோ சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். கடைசியில் ஸ்பேனருக்கே நட்டு வந்துவிட்டது. வந்த கையோடு அவர் சுவரைக் காட்டி, "அப்படியே அந்த இடது பக்கக் கண்ணாடி ஒண்ணு மாட்டிரு" என்றார். கோசலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது பக்கக் கண்ணாடி உடைந்து எட்டு வருஷம் இருக்கும். மாற்றுங்கள் என்று அவள் சொன்னபோதெல்லாம், "எதுக்கு, நீதான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே வர்றியே" என்பார். லாரி வருகிறது, பஸ் ஒதுங்குகிறது, இப்போ திரும்பலாம், இருங்க இருங்க. எட்டு வருஷம் அவள் சொல்லித்தான் இந்த வண்டி இடது பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் இடத்தில் இன்று என்ன வருகிறது? ஒரு கம்பி, அதன் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அது பேசாது, பாத்திரக்கடை பூட்டிக் கிடப்பதைச் சொல்லாது, மூத்திரம் வருகிறது நிறுத்துங்கள் என்று கேட்காது. ரொம்ப வசதி. அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, வந்தது சிரிப்பு இல்லை. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்ரோல் வாடை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கோபம்கூட நேராக இருக்க மாட்டேனென்கிறது, நடுவில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மதியம் சாப்பிட்டு வண்டி ஓட்டினால் இவருக்குக் கண் சொக்கும். தலை லேசாக வலது பக்கம் சாயும். பின்னால் இருப்பவளுக்குத்தான் தெரியும். அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, டீ குடிக்கலாமா என்பாள். தூங்குறீங்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆம்பிளைக்கு அது ரோஷம். டீ குடிக்கலாமா என்றால் போதும், நிறுத்துவார். கோழிக்கோட்டுக்கும் கண்ணூருக்கும் நடுவில் யார் தட்டுவார்கள்? அந்தச் சிநேகிதர்கள் இரண்டு பேரில் ஒருவர் முன்னால் போவார், ஒருவர் பின்னால் வருவார். பெட்டி தட்டுமா? கண்ணாடி தட்டுமா? ஒரு டேங்கர் லாரி, மணல் ஏற்றின லாரி, வளைவு. போன் வருகிறது, அம்மா நீங்க பரசுராமன் வீட்டுல இருந்தா பேசுறது, என்று மலையாளம் கலந்த ஒரு குரல். சீ, வாயைக் கழுவு. மனசை எப்படிக் கழுவுவது? போகாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நானும் வருகிறேன் என்றுதானே, அதையும் சொல்லவில்லையே, சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது தப்பா? தப்புத்தான் போல. வேண்டியதை இவரிடம் நேராகக் கேட்டு வாங்கிய பழக்கமே அவளுக்குக் கிடையாது. சாயங்காலம் வெளியே போய்ச் சும்மா நடந்துவிட்டு வரவேண்டும் என்று ஆசை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொன்னாள். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய கிரைண்டரை மாற்றவேண்டும். ஷாக் அடிக்கிறது என்றாள், மறுநாளே மாற்றினார். அக்கா வீட்டில் நாலு நாள் இருக்கவேண்டும். அக்காவுக்கு முதுகு பிடித்திருக்கிறது என்றாள், அக்கா வாசலில் நின்று கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் கிடைத்தது. எதுவும் மறுக்கப்பட்டதில்லை. ஆனால் அவளுக்கு என்று, கோசலை கேட்டாள் கோசலைக்கு என்று, ஒன்றும் கொடுக்கப்படவில்லை. டாக்டருக்குக் கொடுத்தார், கிரைண்டருக்குக் கொடுத்தார், அக்காவின் முதுகுக்குக் கொடுத்தார். கடலை மட்டும்தான் பொய் சொல்லாமல், கேட்காமல், அவராகக் கொடுத்தார். அதைத்தான் இப்போது கழற்றிப் படியில் போட்டிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாளைக்கு மருந்து மாத்திரையைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதி வைக்கப்போவதும் அவள்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்து, 'கோசல, கடல் எப்படி இருக்கு தெரியுமா' என்று அவர் சொல்லும்போது, அப்படியா என்று கேட்கப்போவதும் அவள்தான். அந்த 'அப்படியா'வை நினைத்தபோது அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அப்படியா என்று சொல்லமாட்டாள். போனையே எடுக்கமாட்டாள். எடுப்பாள். எடுக்காமல் இருந்தால் அந்தப் பக்கம் என்ன ஆயிற்றோ என்று தெரியாதே. பாவி மனுஷன், கோபித்துக்கொள்ளவும் ஒரு வழி விடவில்லை.

இரண்டு பெட்டிகளும் மாட்டி முடிந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. வண்டி இரண்டு பக்கமும் இடுப்பில் குடம் வைத்தவள்போல நின்றது. பரசுராமன் ரோட்டுக்கு இறங்கி, தள்ளி நின்று பார்த்து, கிட்டே வந்து பார்த்து, போட்டோ எடுத்து அந்த இரண்டு பேருக்கும் அனுப்பினார். ரபீக் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், லோடு குடுத்து ஒரு தடவை பாக்கணும். பள்ளத்துல இறங்கினா சக்கரம் மேல ஏறும். அப்ப பெட்டியத் தாங்குற இந்தக் கம்பி டயர்ல முட்டக் கூடாது" என்றான். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்னால் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டான். "அம்மா, பின்னாடி ஒரு நிமிஷம் உக்காருங்கம்மா. வெயிட்டுக்குத்தான்." கோசலை எழுந்தாள். வெயிட்டுக்குத்தான். எடைக்கல். கடைசியில் அவளுக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்கள். "நான் உக்காரல. அவர உக்காரச் சொல்லுங்க" என்றாள். குரல் அவளே எதிர்பாராத அளவுக்குச் சத்தமாக வந்தது. எதிர்க்கடையில் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன கோசல, ஒரு நிமிஷம்தானே" என்று பரசுராமன் சொல்லிப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார். போட்டதும், "ஏம்ப்பா, முழங்கால் இடிக்குதே. கால எங்கப்பா வைக்கிறது?" என்றார். "பின்னாடி ஆள் வராதுன்னீங்களே சார். அதான் பெட்டிய நல்லா முன்னாடி தள்ளி மாட்டிருக்கேன்" என்றான் ரபீக். இருபத்தொரு வருஷத்தில் அந்தச் சீட்டின் பின்பாதியில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கை முதலில் சீட்டைத் தடவியது, அப்புறம் ரபீக்கின் தோளுக்குப் போயிற்று, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது.

"அம்மா, நீங்க குனிஞ்சு பாருங்க. நான் அமுக்குறேன். இந்தக் கம்பிக்கும் டயருக்கும் நடுவுல விரல் போகுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றான் ரபீக். கோசலை சேலையைச் செருகிக்கொண்டு வண்டியின் இடது பக்கம் குத்த வைத்து உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சொடக்குப் போட்டன. தடுப்பு இருந்த இடத்தில் இரும்பு துருவில்லாமல் வெளுத்துத் தெரிந்தது. ரபீக் தம் பிடித்து வண்டியை அமுக்கினான், பரசுராமனும் சேர்ந்து குதித்தார். பெட்டியின் கம்பி இறங்கியது, நின்றது. அவள் விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. "முட்டுதாம்மா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. முட்டுது. அந்த ஒரு வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக வந்து நின்றது. அவள் கூப்பிடக்கூட இல்லை. முட்டுது என்று சொன்னால் தீர்ந்தது. கழற்றுவான், இடது பக்கம் ஆகாது சார் என்பான், தட்டையும் தடுப்பையும் திரும்ப மாட்டுவான். இடம் இருக்கிறது, அப்போ நீயும் வாயேன் என்று அவரே ஒரு நாள் சொன்னாலும் சொல்வார். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, யாருக்கும் எதுவும் தெரியாது. டாக்டர், கிரைண்டர், அக்காவின் முதுகு, இப்போது இந்தக் கம்பி. கம்பிக்காகக் கூட்டிப் போவார். பதினோரு நாளும் கம்பி கொடுத்த கடலை அவள் பார்த்துக்கொண்டு போகவேண்டும். அடச்சே, என்று அவளுக்கு இந்தத் தடவை அவர்மேல் இல்லை, நாக்கின்மேல் ஆத்திரம் பொங்கியது. வாயில் எச்சில் ஊறி நின்றது. அதை விழுங்கினாள், அந்த வார்த்தையும் கூடவே இறங்கியது.

"முட்டல" என்றாள். "நல்லா இடம் இருக்கு. ரெண்டு விரல் போகுது."

"அப்பப் பிரச்சினையே இல்ல சார், வண்டிய எடுக்கலாம்" என்றான் ரபீக்.

"கழட்டுங்க தம்பி."

"எதைம்மா?"

"இந்த இடது பக்கப் பெட்டிய."

பரசுராமன் மேலேயிருந்து குனிந்தார். குனிய வரவில்லை, முழங்கால் பெட்டியில் சிக்கிக்கொண்டிருந்தது. "முட்டலேன்னு நீதானே சொன்ன? அப்பறம் எதுக்குக் கழட்டணும்?"

கோசலை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நின்றபோது அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"நான் உக்காரணும்."

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. படியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, ரபீக்கின் கையில் கொடுத்தாள்.